காணிக்கை முட்டை

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்களை முதலில் எண்ணிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் சபையார், "அவர் அங்க இல்லவே இல்ல" என்று ஒருவரை மட்டும் கழற்றிவிடப் பார்ப்பார்கள் (பார்த்தார்கள், இன்றும் பார்க்கிறார்கள்).

பக்கத்து வீட்டுக் கிருபை அக்கா, அவள் புருஷன், மகள் செல்வி: மூன்று. செல்வியைப் பெண் பார்க்க நகரியிலிருந்து வந்த மாப்பிள்ளை, அவன் நைனா, அம்மா, தாய்மாமன்: நாலு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேசி வைத்த யோசுவா மூப்பர், எங்கள் சபையின் பொருளாளர்: எட்டு. ஒன்பதாவது ஆள் நான். என்னை யாரும் கூப்பிடவில்லை.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். படிக்காத மிச்சத்தையெல்லாம் பயப்படுவதற்குச் செலவு செய்தேன். சித்தூர் மார்க்கெட்டில் முட்டை வாங்கினால் ஒவ்வொன்றையும் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன், காதருகே ஆட்டிப் பார்ப்பேன், முகர்வேன். முட்டைக் கடைக்காரர் என்னைத் தூரத்தில் கண்டதும் தட்டை உள்ளே இழுத்துக்கொள்வார். பால்காரன், மளிகைக்காரன், கறிக்கடைக்காரன் யாரையும் நான் நம்பியதில்லை. இப்படிப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பார்க்காமல் முட்டை வாங்கினேன். கோயிலில் வாங்கினேன்.

அறுப்புப் பண்டிகை அன்று சபையார் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைப்பார்கள். பூசணிக்காய், வேர்க்கடலை, உயிரோடு சேவல், நெல் மூட்டை. ஆராதனை முடிந்ததும் அத்தனையும் வாசலில் ஏலம் போகும். பாட்டும் ஜெபமும் தமிழில், ஏலம் மட்டும் தெலுங்கில்: "ஒகட்டோசாரி, ரெண்டோசாரி." அந்த ஏலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பொருளைத் திறந்து பார்க்கக் கூடாது, திருப்பித் தரவும் கூடாது. பார்த்தால் கொடுத்தவர் மேல் சந்தேகம், கொடுத்தவர் மேல் சந்தேகம் என்றால் வாங்கிக்கொண்டவர் மேலும் சந்தேகம், வாங்கிக்கொண்டவரோ ஆண்டவர்.

மூப்பர் ஒரு கூடை முட்டை வைத்திருந்தார். தவிட்டுக்குள் புதைத்த முப்பது முட்டைகள். மறுநாள் செல்வியைப் பார்க்க வருகிறார்கள், முட்டைக் குழம்பு வைக்கவேண்டும் என்று கிருபை அக்கா என் விலாவில் இடித்தாள். இரண்டு பேரும் பாதிப் பாதி என்று பேசிக்கொண்டு நான் ஏலம் கேட்டேன். கடையில் பன்னிரண்டு ரூபாய்க்குக் கிடைப்பதை இருபத்துநாலு ரூபாய்க்கு எடுத்தேன். (எடுத்தபோது ஒரு பெருமை வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையத் தோன்றுகிறது.)

பதினைந்து முட்டைகளை அக்கா அன்று மாலையே துடைத்து எடுத்துப் போனாள். என் பங்கைத் திங்கட்கிழமை காலையில் வெளியே எடுத்துவைத்தேன். தவிட்டை வீணாக்குவானேன் என்று கொல்லையில் என் ஒரே முட்டைக்கோழிக்குக் கொட்டினேன். பதினொரு மணி வாக்கில் போய்ப் பார்த்தால் கோழி ஒருக்களித்துப் படுத்துக் காலை வெட்டி வெட்டி இழுக்கிறது. தவிட்டில் ஏறிய எறும்பெல்லாம் ஏறிய இடத்திலேயே செத்துக் கிடக்கிறது. ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தேன். கோழிப்பேனுக்குத் தூவுகிற பூச்சிப்பொடி வாசனை.

பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வாசனையும் வந்தது.

அறிவுள்ள பெண்ணாக இருந்தால் என்ன செய்திருப்பாள்? பின்பக்கமாகப் போய்க் கிருபை அக்காவைச் சமையலறையில் பிடித்து, காதோடு சொல்லியிருப்பாள். செல்விக்கு வயது இருபத்துநாலு. அதற்கு முன் இரண்டு வீட்டார் வந்து, தின்றுவிட்டு, பதில் சொல்லாமல் போயிருந்தார்கள். இந்த இடமாவது அமைய வேண்டும் என்று அக்கா ஒரு மாதமாகச் சாயங்காலச் சாப்பாட்டை விட்டு ஜெபம் செய்துகொண்டிருந்தாள். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் முன்வாசல் வழியாக ஓடினேன்.

பாயில் ஐந்து இலை. ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை. பயம் முற்றினால் எனக்குப் பேச்சு வராது, கைதான் வரும். தாய்மாமன் இலையிலிருந்து எடுத்தேன், நைனா இலையிலிருந்து எடுத்தேன், மாப்பிள்ளையின் அம்மா எடுத்த முட்டையை அவர் கையிலிருந்தே பிடுங்கினேன். எல்லாவற்றையும் குழம்போடு முந்தானையில் போட்டேன். மாப்பிள்ளை பாதியைக் கடித்துவிட்டிருந்தான்.

"துப்புப்பா."

பாவம், நல்ல வளர்ப்பு. என் உள்ளங்கையிலேயே துப்பினான்.

மாப்பிள்ளையின் அம்மா கிருபை அக்காவைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்: "ஏம்மா, இலையில வெச்சுட்டுப் புடுங்கறது உங்க ஊரு வழக்கமா?"

அக்கா முகத்தில் ரத்தமே இல்லை. அப்போதுதான் எனக்கு வாய் முழுசாகத் திறந்தது. தவிடு, பொடி, எறும்பு, கோழி எல்லாவற்றையும் தலைகீழாகச் சொன்னேன். யாருக்கும் புரிந்திருக்காது. மூப்பருக்கு மட்டும் புரிந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார்.

"இதுக்கு எப்பவும் இதே வேலைங்க. கடையில முட்டைய சூரியனுக்குக் காட்டிக்கினு அரை மணி நேரம் நிக்கும். இப்ப காணிக்கை முட்டையிலயே குத்தம் கண்டுபுடிச்சுக்கினு வந்துட்டுது."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான், அவன் எச்சில் இன்னும் என் கையில் இருந்தது. வெட்கத்தில் அப்படியே திரும்பியிருப்பேன். ஆனால் முந்தானையில் இருந்ததை எண்ணினேன். மூன்றரை, உள்ளங்கையில் அரை. ஒன்று குறைகிறது. மூப்பர் இலையைப் பார்த்தேன். சோறு பாதி தீர்ந்திருந்தது, அப்பளம் தீர்ந்திருந்தது. முட்டை மட்டும் இலையின் ஓரத்தில், ஊறுகாய்க்கும் அப்பால், முழுசாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

"அப்ப நீங்க துன்னுங்க மூப்பரே," என்றேன்.

"எனக்கு முட்டை ஒத்துக்காதும்மா. வாயு."

"போன மாசம் எங்க வூட்டுல மூணு துன்னீங்களே," என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

மாப்பிள்ளையின் நைனா இலையை மூடிவிட்டார். மூப்பர் தண்ணீர் குடித்தார், துண்டால் வாயைத் துடைத்தார்.

"கொஞ்சம் பொடிதான்மா. கூடைக்கு எறும்பு வருதுன்னு தூவினேன். நல்லா கழுவிட்டா போயிடும்."

"கழுவணும்னு யாரு கிட்ட சொன்னீங்க?" என்றேன்.

நாற்பது வருஷம் ஆகப் போகிறது, அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. பீடத்தின் முன்னால் கூடையை வைத்து முழங்காலில் நின்றாரே, அப்போது சொல்லியிருக்கலாம். ஏலம் போனபோது சொல்லியிருக்கலாம். பரிமாறும்போது, எதிரில் நாலு பேர் சோற்றில் கை வைக்கும்போது, "கழுவினீங்களா" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தன் முட்டையை மட்டும் ஓரமாகத் தள்ளினார். மார்க்கெட்டில் என்னை ஏமாற்றியவர்கள் பலர் உண்டு, அவர்கள் யாரும் விற்றுவிட்டு என் எதிரில் உட்கார்ந்து நான் தின்பதைப் பார்த்ததில்லை.

நகரிக்காரர்கள் மோர் மட்டும் குடித்துவிட்டுப் பஸ் ஏறினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, என் கோழியைத் தவிர. பத்து நாள் கழித்துச் சொல்லியனுப்பினார்கள்: பெண்ணைப் பற்றிக் குறை இல்லை, அக்கம்பக்கம் சரியில்லை. அக்கம்பக்கம் என்றால் நான். கிருபை அக்கா ஏழு மாதம் என்னோடு பேசவில்லை. அவள் பங்குப் பணம் பன்னிரண்டு ரூபாயை அவள் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன், எடுத்துக்கொண்டாள்.

சபைக் கமிட்டி கூடியது. மூப்பரைக் கேட்பார்கள் என்று நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். என்னைக் கேட்டார்கள். காணிக்கையை நாலு பேர் முன்னால் இழிவாகப் பேசியதற்கு மன்னிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு எழுத்து அவ்வளவு வராது என்று சொல்லிவிட்டு வந்தேன். வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான் ஏழாம் வகுப்போடு நின்றது உபயோகப்பட்டது.

செல்விக்கு இரண்டு வருஷத்தில் திருப்பதியில் ஒரு பஸ் கண்டக்டரோடு கல்யாணமானது. பந்தியில் என்னைத் தேடி வந்து, என் இலையில் தானே ஒரு முட்டை வைத்தாள். "நல்ல வேளை அக்கா, அன்னிக்குப் புடுங்கின. அந்தாளு பாதி முட்டை போச்சேன்னு அழுவற மாதிரி ஒக்காந்துக்கினு இருந்தான், அவனக் கட்டிக்கினு இன்னா பண்ணியிருப்பேன்?" என்றாள். அதிலிருந்து அவள் வீட்டிலும் என் வீட்டிலும் யாருக்குச் சோறு போட்டாலும் முதல் முட்டை எனக்குத்தான். நான் கடித்து விழுங்கும் வரை பேரப்பிள்ளைகள் உட்பட எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். விழுங்கியதும், "உசுரோடதான் கீறாங்க, துன்னுங்க" என்று எவனாவது சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கோபம் தீர்ந்துவிட்டதாக அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

தீரவில்லை. மூப்பரிடம் மூன்று முறை போய் என் பணத்தைக் கேட்டேன். பணம் கோயில் கணக்கில் ஏறிவிட்டது, இனி ஆண்டவரிடம்தான் கேட்க வேண்டும் என்றார். ஆண்டவர் வாங்கவில்லை, எனக்குத் தெரியும். முட்டை இருபத்துநாலு, கோழி பதினாலு. முப்பத்தெட்டு ரூபாய்.