கிணற்றுக்கு வந்த சோதனை

ஆலங்குடா
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்

கண்ணியத்துக்குரிய மைத்துனர் மீராசாஹிப் அவர்களுக்கு, தங்கள் தங்கை றைஸாவின் கணவன் லத்தீப் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். டோஹாவின் வெயிலிலும் தங்களை வல்ல நாயன் குளிர்ச்சியாக வைத்திருப்பானாக. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து வேறு மாதிரிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், ஆகையால் அந்த வரியை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் தங்கள் தங்கை பக்கத்தில் இருக்கும்போது போனில் சொன்னால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னது போலத்தான். அதனால் எழுதி, நாளை மறுபடி கத்தார் போகும் ஜெமீல் கையில் கொடுத்தனுப்புகிறேன். வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

மச்சான், இது எல்லாவற்றுக்கும் காரணம் நீங்கள். கோபத்தில் சொல்லவில்லை, மரியாதையோடுதான் சொல்கிறேன். மகள் அக்கீலாவை இரசாயனம் படிக்க விடச் சொன்னது யார்? "நீங்க மருந்துக் கடை வச்சிருக்கீங்க, மகள் இரசாயனம் படிச்சா கடைக்கே பெருமைதானே" என்றீர்கள். எனக்கும் அது நியாயமாகப்பட்டது. யுத்தம் முடிந்து யாழ்ப்பாணப் பாதையும் திறந்த பிறகு இந்தக் கற்பிட்டிப் பக்கத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கிராக்கி கூடி, பூச்சி மருந்து, புல் மருந்து என்று கேட்டு வருகிறவர்கள் கடை வாசலில் நிறைந்து நிற்கிறார்கள். மகள் பட்டம் எடுத்து வந்து கல்லாப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, இன்ன பூச்சிக்கு இன்ன மருந்து என்று நாலு பேருக்குச் சொல்லுவாள் என்று நினைத்திருந்தேன். பட்டம் எடுத்தாள். பிறகு ஆராய்ச்சி என்றாள். என்ன ஆராய்ச்சி மகள் என்று கேட்டேன். கிணற்றுத் தண்ணீரிலும் தோட்டத்து மண்ணிலும் கடலை ஒட்டிய களப்பின் சேற்றிலும் பூச்சி மருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அளக்கிறதாம். அதாவது மச்சான், வாப்பா விற்பது எங்கே போய்ப் படுத்திருக்கிறது என்று மகள் தேடிக்கொண்டு வருவதற்குப் பெயர் படிப்பு.

விடுமுறைக்கு வந்தவள் உடுப்புப் பை ஒன்றோடும் குளிர் போகாமல் காக்கிற ரெஜிபோம் பெட்டிகள் பலவற்றோடும் வந்து இறங்கினாள். பெட்டி நிறைய மண்ணிறக் கண்ணாடிப் போத்தல். பிளாஸ்டிக் கூடாதாம், அதில் மருந்து ஒட்டிக்கொள்ளுமாம். வெளிச்சமும் கூடாதாம், சூடும் கூடாதாம். நம்முடைய பிள்ளைகளைக்கூட நாம் இப்படி வளர்க்கவில்லை. அடுத்த நாளே தோணி பிடித்துக் களப்பில் இறங்கி, சேற்றைத் தோண்டித் தோண்டி எடுத்தாள். கரையில் நின்று பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? களப்புக்கு அடியில் பெற்றோல் இருக்கிறதாம், லத்தீபின் மகளை அரசாங்கம் அனுப்பியிருக்கிறதாம் என்று கதை கிளம்பி, களப்போரத்தில் காணி வைத்திருக்கிறவர்கள் எல்லாம் வேலி கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

தோண்டிய சேறு எங்கே போனது என்று கேளுங்கள். நீங்கள் அனுப்பிய பிரிட்ஜுக்குள் போனது. ஒவ்வொரு கண்ணாடிக் கோப்பையிலும் சேற்றை நிரப்பி, றைஸா கேக் சுடும்போது விரிக்கிற வெள்ளித்தாளை எடுத்து வாயைச் சுற்றி மூடி, மேல்தட்டு, கீழ்தட்டு எல்லாம் அடுக்கிவிட்டாள். இறைச்சிக்கு இடமில்லை, மீனுக்கு இடமில்லை. அந்த நேரம் பார்த்து மதுரங்குளியிலிருந்து, றைஸா அக்கா போல மதிக்கிற மர்ளியா தாத்தா தன் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார், அவனுக்கு அக்கீலாவைக் கேட்டு. நல்ல குடும்பம், பெரிய தென்னந்தோட்டம். றைஸா கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் விட்டு வட்டிலப்பம் செய்து, அதையும் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி, அதையும் வெள்ளித்தாளால் மூடி, பிரிட்ஜில் மிஞ்சியிருந்த ஒரேயோர் இடுக்கில் வைத்திருந்தாள். என்னைப் போய் எடுத்துவரச் சொன்னாள். நான் எடுத்து வந்தேன். நீங்களே சொல்லுங்கள் மச்சான், வட்டிலப்பத்தின் நிறம் என்ன, களப்புச் சேற்றின் நிறம் என்ன? அல்லாஹ் இரண்டையும் ஒரே நிறத்தில் படைத்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? மர்ளியா தாத்தா தாளை நீக்கி, பிஸ்மி சொல்லி, ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். நல்ல வளர்ப்பு, அதனால் முகத்தைச் சுளிக்கவில்லை. "கொஞ்சம் உப்புக் கூடிட்டுது போல" என்றார்.

அப்போது அறையிலிருந்து வந்த அக்கீலா போட்ட சத்தம் கடைவரை கேட்டதாம். மாமியாக வரப்போகிறவர் விஷம் தின்றுவிட்டார் என்று அலறினாள் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. "ஐயோ மாமி, கரண்டி போட்டுட்டீங்களா! இனி இந்தச் சேறு எதுக்கும் உதவாதே!" என்றாள். மர்ளியா தாத்தா வாயைக் கொப்பளித்த கையோடு வேனில் ஏறிவிட்டார். மாப்பிள்ளைப் பையன் மட்டும் வேன் யன்னலால் சிரித்துக்கொண்டே போனான். அது எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். இனிமேல் சொல்வதை மனசோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பின்னேரம் அக்கீலா எங்கள் வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர் எடுத்தாள். ஊரார் கிணற்றில் மருந்து இருந்தால் அது ஆராய்ச்சி. மருந்துக் கடைக்காரன் கிணற்றில் இருந்தால் அது செய்தி. அவள் போத்தலைப் பெட்டியில் வைத்துவிட்டு அஸர் தொழப் போன நேரத்தில், அந்தத் தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டு, கடையில் விற்கிற சுத்தமான போத்தல் தண்ணீரை உடைத்து அதில் நிரப்பிவைத்தேன். என் மகள் நிம்மதியாக ஆராய்ச்சியை முடிக்கட்டும் என்றுதான். போத்தலின் வாய் ஒடுக்கம். ஆகவே ஒரு புனல் வைத்து ஊற்றினேன். எந்தப் புனல் என்று கேட்பீர்கள். கடைப் புனல்தான். வருகிறவர்களின் தெளிப்பான் டாங்கிக்கு மருந்து ஊற்றிக் கொடுக்கிற புனல். கழுவித்தான் வைத்திருந்தேன் மச்சான், மணம்கூட இல்லை.

சில கிழமை கழித்து அவள் பல்கலைக்கழகத்திலிருந்து போன் எடுத்தாள். குரல் சரியில்லை. "வாப்பா, எங்கட கிணத்துத் தண்ணிய மெஷினுக்குக் குடுத்தம். கோடு மேல போய்த் தாளையே தாண்டிட்டுது. மெஷின் இப்ப எதக் குடுத்தாலும் எங்கட மருந்தையே காட்டுது. கழுவிக்கிட்டே இருக்கிறம், போகுதில்ல. சேர் கேக்கிறார், உன்ட வீட்டு ஆக்கள் சுகமா இருக்கிறாங்களா எண்டு. உம்மாவுக்கு ஒண்டும் இல்லையே?" உம்மாவுக்கு அதுவரை ஒன்றும் இல்லைதான். ஆனால் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதும் தலை சுற்றியது, கல்யாணமான நாளிலிருந்து வந்த தலைவலி, முழங்கால் வலி எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. லுஹர் தொழுகைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் குடத்தில் தண்ணீர் கொண்டு வந்தார்கள், சூப் கொண்டு வந்தார்கள், மையித்து கிடக்கிற வீட்டில் துக்கத்துக்கு உட்காருவது போல வந்து உட்கார்ந்து என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள். பரிசோதகர் வந்து கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டுப் போனார். பள்ளிவாசல் ஜமாஅத்தார் பவுசர் லொறியில் தண்ணீர் அனுப்பினார்கள். ஊருக்கே இரக்கம் வந்துவிட்டது. நான் உண்மையை மறைத்துக்கொண்டு சூப்பைக் குடித்தேன்.

கடை படுத்துவிடும் என்று பயந்தேன். நடந்தது என்ன தெரியுமா? வியாபாரம் கூடிவிட்டது. "கிணத்துக்குள்ள கிடந்தே இவ்வளவு வேலை செய்யுது எண்டா, லத்தீப் நானாட மருந்து அசல் சாமான்" என்று பேசிக்கொண்டார்களாம். ஒருவர் கேனோடு வந்து, கிணற்றுத் தண்ணீரிலேயே கொஞ்சம் தாங்க, வெங்காயத்துக்கு அடித்துப் பார்க்கிறேன் என்று நின்றார். மச்சான், சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் அன்று நான் நேரத்தோடு கடையைப் பூட்டினேன்.

போன கிழமை அக்கீலா வந்தாள். சாப்பிடவும் இல்லை, நேரே கடைக்கு வந்தாள். ஆட்கள் போகும்வரை காத்திருந்து மெதுவாகக் கேட்டாள்.

"வாப்பா, எங்கட கிணறு உப்புக் கிணறு. தேத்தண்ணி போட்டாலே தெரியும். அந்தப் போத்தல்ல மிஞ்சின தண்ணியில உப்பு அளந்து பாத்தன். உப்பே இல்ல. யார் மாத்தினது?"

"மழை பெஞ்சது தானே மகள்," என்றேன்.

"மாரி மழை பெஞ்சாலும் எங்கட கிணத்துல உப்புக் குறையாது வாப்பா. எதால ஊத்தினீங்க?"

ஆணியில் தொங்கிய புனலை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவள் பார்த்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. புனலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கழுவின புனல்ல ஒட்டியிருந்ததே மெஷின இந்தப் பாடு படுத்தியிருக்கு. அப்ப டாங்கி கழுவுற தண்ணி எங்க போகுது?" என்றாள்.

உங்களுக்குத் தெரியும்தானே மச்சான், தோட்டத்துக்கு மருந்து அடித்துவிட்டு வருகிறவர்கள் எங்கள் கிணற்றடியில்தான் டாங்கி கழுவுவார்கள். சிநேகத்தில் நானே சொன்ன இடம். இங்கே மண் இல்லை, வெறும் மணல். மேலே ஊற்றினது கீழே இறங்க எவ்வளவு நேரம்? அந்தக் கிணற்றில்தான் அவள் பிறந்த நாளிலிருந்து குடித்தாள். அவள் புனலைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, "வாங்க, திரும்ப எடுப்பம்" என்றாள். பரிசோதகர் கட்டிய கயிற்றுக்குக் கீழே குனிந்து இருவரும் போனோம். வாளியை நான் இறக்கினேன், போத்தலை அவள் பிடித்தாள். அந்தப் போத்தலை அன்றே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை.

ஆகவே மச்சான், நான் கேட்பது இதுதான். நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். இந்த ஆராய்ச்சியை இத்தோடு விடச் சொல்லுங்கள். பன்னீர், அத்தர் என்று இரசாயனத்தில் மணமான விஷயங்கள் எத்தனையோ இருக்கும், அதில் ஒன்றை எடுக்கட்டும். முடியாதென்றால் எங்கள் கிணற்றையாவது புத்தகத்தில் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். மதுரங்குளிக்கும் நீங்களே ஒரு போன் போட்டு, எங்கள் வீட்டில் இனிச் சேறு இல்லை என்று சொன்னால் நல்லது. மைத்துனி ஜெமீலாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். அல்லாஹ் உங்கள் உழைப்பிலும் உணவிலும் பரக்கத் செய்வானாக, விசேஷமாகக் குடிக்கிற தண்ணீரில். ஆமீன்.

இப்படிக்கு,
தங்கள் துஆவை வேண்டும்
அ. லத்தீப்

பி.கு.: மேலே கேட்டதில் ஒன்றையும் செய்ய வேண்டாம். இன்று சனிக்கிழமை. ஜெமீல் வாசலில் மோட்டார் சைக்கிள் எஞ்சினை நிறுத்தாமலே நிற்கிறான், சுருக்கமாக எழுதுகிறேன். காலையில் முடிவு வந்தது. புனல் காட்டிய அளவு இல்லை, ஆனால் இருக்கிறது. நான் விற்கிற மருந்தேதான். குடிக்க வேண்டாம் என்கிறாள். கிணற்றடியில் டாங்கி கழுவ வேண்டாம் என்று எழுதி மாட்டிவிட்டேன். புத்தகத்தில் கிணற்றை எழுது மகள், கடைக்காரன் லத்தீபின் கிணறு என்றே எழுது என்று நானே சொல்லிவிட்டேன். நாளைக்குக் கடை பூட்டு. தண்ணீர் எடுக்கப் போன அவளுக்கு வேலிப் படலையைத் திறக்காத தோட்டக்காரர்கள் எனக்குத் திறப்பார்கள், ஆகையால் போத்தல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போகிறேன். போன் எடுக்க வேண்டாம். இன்னொன்று: கடைக்கு வருகிறவரிடம் எப்போதும் நான் முதலில் கேட்பது, "என்ன பூச்சி?" என்றுதான். இன்று காலை வந்தவரிடம் என்னை அறியாமல், "உங்கட கிணறு தோட்டத்திலிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் மருந்தும் வாங்காமல் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "நானா, எங்கட கிணத்தையும் உங்கட மகள் சோதிச்சுப் பாப்பாவா?" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டேன். அவளை இன்னும் கேட்கவில்லை.