பிரிக்காமல் வைத்த பேப்பர் கட்டு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் தெரியாததை எழுதாதே என்று இருபத்தாறு வருஷமாகக் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். ஆகையால் நலத்தை விட்டுவிடுகிறேன், ஆவலை மட்டும் வைத்துக்கொள். என் முட்டிவலியும், வலது கண் புரையும், சமையலறைக் குழாயின் சொட்டும் மூன்று வருஷத்துக்கு முன் நீ விட்டுவிட்டுப் போனபடியே இருக்கின்றன. நீ வேலை செய்யும் அச்சகத்தின் முகவரியை உன் அத்தை கொடுத்தாள். அங்கே பிழை திருத்துகிறாயாம். இந்தக் கடிதத்தில் பிழை தென்பட்டால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பு, கோபித்துக்கொள்ள மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் வகுப்பின் மேல் விசாரணை வந்துவிட்டது. என் முறை உனக்குத் தெரியும், நீயும் அந்த பெஞ்சில் உட்கார்ந்தவள்தான். கட்டுரைக்கு மார்க்கை எழுதினவர்களே போட்டுக்கொள்ள வேண்டும், ஏன் அவ்வளவு என்று அரைப் பக்கம் எழுதி இணைக்க வேண்டும், நான் கையெழுத்துப் போடுவேன். தாமதமாக வந்தால் காரணம் சொன்னால் போதும், அத்தாட்சி வேண்டாம். பரீட்சையின்போது நான் அறைக்கு வெளியே நிற்பேன். ஐந்து வருஷமாக இப்படித்தான் வண்டி ஓடுகிறது. எங்கள் துறைத் தலைவர் இதற்கு வைத்திருக்கும் பெயரைக் கடிதத்தில் எழுத முடியாது. அவர் வீட்டில் சர்க்கரை டப்பாவுக்கே பூட்டுப் போட்டிருப்பதாகக் கேள்வி.

எல்லாம் ஒரு பையனால் வந்தது. பெயர் எதற்கு, வகுப்பில் எல்லாரும் அவனை ஜெராக்ஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். 'காத்திருத்தல்' என்று ஒரு கட்டுரை கொடுத்தான், தனக்குத் தொண்ணூறு போட்டுக்கொண்டான், நான் வாசித்து, 'நன்று, நடுவில் மட்டும் கொஞ்சம் இழுவை' என்று குறிப்பெழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது இருபது வருஷத்துக்கு முன் கல்லூரி ஆண்டு மலரில் நான் எழுதின கட்டுரையாம். நூலகத்தில் போய் எடுத்து, ஓர் எழுத்து விடாமல், 'எனக்குத் திருமணமாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன' என்ற வரியையும் சேர்த்து எழுதியிருக்கிறான். பத்தொன்பது வயதுப் பையன். பாவம், இந்த வயதிலேயே குடும்பப் பாரம் என்று நான் இரண்டு நாள் கவலைப்பட்டேன். துறைத் தலைவர் மலரையும் விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"உங்க கட்டுரையை உங்ககிட்டயே கொடுத்திருக்கான். உங்களுக்குத் தெரியலையா சார்?"

"எங்கேயோ படிச்ச மாதிரி இருந்தது சார்."

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

"நல்லா இருந்தது சார், அதான் விட்டுட்டேன்."

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அதோடு முடிந்திருந்தால் தேவலை. அதற்கு அடுத்த வாரம் பரீட்சை, நான் வழக்கம்போல் வராந்தாவில் நிற்கிறேன், அவர் ரோந்து வந்து கதவைத் திறக்கிறார், உள்ளே ஒரு குஞ்சும் இல்லை. எல்லாரும் வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பின்பக்க வாசல் வழியாக டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்து சமர்த்தாக எழுதிக்கொடுத்தார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் மூன்று தாள்களில் ஒரே பதிவெண். பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து எழுதினவன் அவன் நம்பரையும் சேர்த்து எழுதிவிட்டான், அவனைப் பார்த்து எழுதினவனுக்கும் அதைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. அதில் ஒருவன் மார்க் இடத்தில் பன்னிரண்டு என்று போட்டு, 'பார்த்து எழுதினேன் சார், கையெழுத்துக்கு மட்டும் பன்னிரண்டு' என்று காரணமும் எழுதியிருந்தான். இதைத்தான் நான் துறைத் தலைவரிடம் பெருமையாகக் காட்டினேன். எந்த மேற்பார்வையாளர் இந்த உண்மையை அவனிடமிருந்து வாங்கியிருப்பார் என்று கேட்டேன். அவர் அந்தத் தாளையும் விசாரணைக் கோப்பில் செருகிக்கொண்டார்.

பிறகு ஓர் உத்தரவு வந்தது. ஐந்து வருஷத்துப் பேப்பர் கட்டுகள் எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும், வேறு ஆசிரியர்கள் திருத்தி, பிள்ளைகள் போட்டுக்கொண்ட மார்க்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒன்பது கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். பத்தாவது, ஆசிரியர் அறையில் என் பீரோவின் கீழ்த்தட்டில், பச்சை நாடா கட்டினபடி இருந்தது. அது எந்தக் கட்டு என்று உனக்கே தெரிந்திருக்கும்.

ஊரெல்லாம் என் முறையைக் கொள்கை என்கிறது. பக்கத்துக் கல்லூரியில் கூப்பிட்டு மாலை போட்டுப் பேசச் சொன்னார்கள், மாணவரை நம்புதல் என்று முக்கால் மணி நேரம் நானும் பேசினேன். கொள்கையும் இல்லை ஒன்றும் இல்லை. உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அந்தக் கட்டு என் பையில் இருந்தது. அவள் போன பிறகு அதைத் தொட எனக்குக் கை வரவில்லை. பதினாறாம் நாள் வகுப்புக்குப் போய், 'பேப்பரைத் திருத்த முடியலைப்பா, நீங்களே உங்க மார்க்கைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்' என்றேன். நாற்பத்திரண்டு பேரும் எழுந்து எழுந்து சொன்னார்கள். ஒருத்தரும் கூட்டிச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. அழுகையை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன். அன்று தொற்றிக்கொண்டதுதான் இந்தப் பழக்கம்.

இத்தனை பேரை நம்பினேன், ஜெராக்ஸின் கல்யாணத்தைக்கூட நம்பினேன். உன்னை நம்பவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் உன் வகுப்புக்கு 'நீங்கள் மட்டும் பார்த்த ஒன்று' என்று நான்தான் தலைப்புக் கொடுத்தேன், நீ அம்மாவின் கடைசி மதியங்களை எழுதினாய். நான் மருந்துக்கடை வரிசையில் நிற்கப் போனதும் அவள் கண்ணைத் திறந்து, 'அப்பா பையில இருக்கற பேப்பரை எடு, படி' என்பாள் என்றும், நீ வாசிக்க வாசிக்கச் சிரித்துக்கொண்டே உன் பென்சிலால் மூலையில் மார்க் போடுவாள் என்றும், என் செருப்புச் சத்தம் கேட்டதும், 'எடுத்து வை, நான் தூங்கற மாதிரி இருந்துக்கறேன், முழிச்சிருந்தா இந்த மனுஷன் அழுதே ஓய்ஞ்சுடுவார்' என்பாள் என்றும் எழுதியிருந்தாய்.

நான் நாலு நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மகளே. ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சு நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார், நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். அதன் மேல் நீ வந்து, பேசினாள், சிரித்தாள், என்னைப் பார்த்துத்தான் கண்ணை மூடிக்கொண்டாள் என்று எழுதினால் எனக்கு எப்படி இருக்கும்? அந்தக் கட்டுரை அவ்வளவு நன்றாக இருந்தது. அதனால்தான் வகுப்பு நடுவில் எழுப்பி நிறுத்தி, 'இதை யார் எழுதிக் கொடுத்தது?' என்று கேட்டேன். நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். வகுப்பில் எப்போதும் சார் என்று கூப்பிடுகிறவள் அன்றைக்கு, 'அப்பா, அந்தக் கட்டைப் பிரிச்சுப் பாருங்கப்பா' என்றாய். 'இங்கே நான் அப்பா இல்லை' என்றேன். நீ உனக்குப் போட்டுக்கொண்டது எண்பத்திரண்டு. நான் அடித்து அறுபத்தொன்று ஆக்கினேன். என் வாழ்நாளில் ஒரு மாணவரின் மார்க்கை அடித்தது அந்த ஒரு தடவைதான். மறு மாதம் நீ மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊர்க் கல்லூரி விடுதிக்குப் போனாய், படிப்பு முடிந்தும் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

நேற்று மதியம் பிரித்தேன். ஒப்படைப்பதற்கு முன் எண்ணிக் கொடுக்க வேண்டும் என்று விதி, இல்லாவிட்டால் பிரித்திருக்கவே மாட்டேன். முதல் பேப்பரின் மூலையில் பென்சிலால் அறுபத்தைந்து. உன் அம்மாவின் ஆறு எனக்குத் தெரியாதா? பால் கணக்கு நோட்டில் எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், வாலை உள்ளே சுருட்டிக்கொண்டு தூங்குகிற பூனை மாதிரி இருக்கும். அடுத்ததில் எழுபது. அதற்கடுத்ததில், 'இவன் பாவம், பாஸ் போட்டுடுங்க' என்று எனக்கே எழுதியிருக்கிறாள். ஒன்றில், 'கையெழுத்து உங்களை மாதிரியே மோசம்.' எழுத்து போகப் போக நடுங்குகிறது. முப்பத்தொன்றாவது பேப்பரில் ஓர் எண் பாதியில் நிற்கிறது, ஐந்தா ஆறா தெரியவில்லை. மீதி பதினொன்றில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு மருந்துக்கடையில் கூட்டம் இல்லை, நான் சீக்கிரம் வந்துவிட்டேன் போலிருக்கிறது. இன்னும் அரை மணி அங்கேயே நின்றிருக்கலாம்.

ஆசிரியர் அறையில் வைத்து வாய்விட்டு அழுதேன். பக்கத்து மேஜைக் கணக்கு ஆசிரியை விசாரணையால்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, 'விடுங்க சார், அதிகபட்சம் இன்கிரிமென்ட்டை நிறுத்துவாங்க' என்று ஆறுதல் சொன்னார். பிறகு பென்சிலைச் சீவிக்கொண்டு மீதிப் பதினொன்றை நானே திருத்தினேன். பிள்ளைகள் அன்று எழுந்து நின்று சொன்ன மார்க்கையும் எடுத்துவைத்துப் பார்த்தேன். உன் அம்மா எல்லாருக்கும் நாலைந்து கூடத்தான் போட்டிருக்கிறாள்.

இன்று காலை உன் மார்க்கைத் திருத்த விண்ணப்பம் கொடுத்தேன். துறைத் தலைவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"காரணம்னு போட்ட இடத்துல, 'மதிப்பிட்டவருக்குப் பொறாமை'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"இப்படி ஒரு காரணம் படிவத்துல கிடையாதே சார்."

"'பிற'ன்னு ஒரு கட்டம் இருக்கு சார். அதுல டிக் போட்டிருக்கேன்."

அவர் அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, 'இதுக்கு அத்தாட்சி?' என்றார். கட்டைப் பிரித்து முப்பத்தொன்றாவது பேப்பரைக் காட்டினேன். சர்க்கரை டப்பாவைப் பூட்டுகிற மனுஷன் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தக் கட்டைக் கோப்பில் சேர்க்க வேண்டாம், வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்றும் சொன்னார். எண்பத்திரண்டு இப்போது பதிவேட்டில் இருக்கிறது. அது உனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இனி என் ஆயுசில் யாரிடமும் அத்தாட்சி கேட்க மாட்டேன், உன்னிடம் கேட்கவே மாட்டேன். இந்தக் கடிதத்துக்கு நீ பதில் போட வேண்டும் என்று இல்லை. கிடைத்ததா, படித்தாயா, கிழித்தாயா என்று யாரிடமும் விசாரிக்க மாட்டேன். கிடைத்திருக்கும், படித்திருப்பாய் என்று நம்பிக்கொண்டு என் பாட்டுக்கு இருப்பேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, அச்சு எழுத்தையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். அம்மா இருந்தால் என்ன சொல்லி வாழ்த்துவாளோ, அதையும் சேர்த்து எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
வகுப்பிலும் அப்பாவாக இருந்திருக்க வேண்டிய
உன் அப்பா

பி.கு.: இதை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தபால்காரர் நீட்டுகிற அட்டையில் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும், அது எனக்குத் திரும்பி வரும். நம்பாமல் இல்லை. மூன்று வருஷமாயிற்று உன் கையெழுத்தைப் பார்த்து. இனிஷியல் போடுவதும் விடுவதும் உன் இஷ்டம். போட்டிருக்கிறாயா என்று மட்டும் பார்ப்பேன்.