முட்டுக்கட்டை அண்ணாச்சியும் சாவி இல்லாமல் ஓடிய காரும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வீடு வீடாகத் தேடினாலும் முட்டுக்கட்டை அண்ணாச்சியைப் போல ஒரு பயந்த மனிதர் கிடைக்கமாட்டார். பல்லிக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, மாமனாருக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. அண்ணாச்சி சக்கரத்துக்குப் பயப்படுவார். தள்ளுவண்டியில் வடை வாங்கினால்கூட முதலில் குனிந்து, சக்கரத்துக்குக் கல் வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டுவார். இத்தனைக்கும் அவர் தொழில் கார் எலக்ட்ரிக் வேலை.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சந்தில் அவர் ஷெட். மற்ற எலக்ட்ரீஷியன்கள் கையில் டெஸ்டர் இருக்கும். அண்ணாச்சி கையில் மஞ்சள் பை இருக்கும். பைக்குள் ஒரு ஜோடி முட்டுக்கட்டை, வேலமரத்தில் முக்கோணமாக இழைத்தது. எந்த வண்டி உள்ளே வந்தாலும் சக்கரத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைத்த பிறகுதான் பானட்டைத் தொடுவார்.

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன்ல அண்ணாச்சி" என்று யாராவது சொன்னால் வருத்தமாகச் சிரிப்பார்.

"ஹேண்ட் பிரேக்கு மெசினு தம்பி. அதுக்கு நம்ம மேல என்ன பாசமா இருக்கு?"

அவர் தங்கச்சி மகன் கல்யாணத்தில், பூ அலங்காரம் செய்து நின்ற மாப்பிள்ளை காருக்கும் யாருக்கும் தெரியாமல் கட்டை வைத்துவிட்டார். டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார், வண்டி உறுமுகிறது, நகரவில்லை. முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருக்கிறது. பொண்ணு வீட்டார் சகுனம் சரியில்லை என்று கிசுகிசுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணாச்சி மெல்லக் குனிந்து, செருப்பை எடுப்பவர் போல இரண்டு கட்டைகளையும் எடுத்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பந்திக்குப் போய்விட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் என் காரைக் கொண்டுபோனேன்.

பழைய டீசல் கார். டர்போ இஞ்சின். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதில் டர்போ டைமர் என்று ஒன்றை மாட்டியிருந்தார். வேகமாக ஓட்டி வந்த வண்டியைச் சட்டென்று நிறுத்தினால் சூட்டில் டர்போ கெட்டுவிடுமாம். அதனால் நாம் சாவியை எடுத்த பிறகும் இஞ்சின் இரண்டு நிமிடம் தானாக ஓடி, ஆறி, தானாக நிற்கும். முதல்நாள் வீட்டு வாசலில் நிறுத்தி இறங்கினேன். என் மனைவி செல்வி என் கையைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள்.

"ஏங்க, சாவி உங்க கைல இருக்கு. அப்ப வண்டிய யாரு ஓட்டுதா?"

விளக்கம் சொன்னேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் குளிர்ந்தது.

அடுத்த தெருவில் ஒரு கார் காணாமல் போனதும் திருட்டு அலாரம் ஒன்று வாங்கினேன். மற்ற ஷெட்டுகளில் கையை விரித்துவிட்டார்கள். டைமர் இஞ்சினை ஓட்டிக்கொண்டிருக்கும்வரை, சாவி போட்டு யாரோ ஓட்டுவதாகவே அலாரம் நினைக்குமாம், பூட்டவே பூட்டாதாம். ரெண்டில் ஒன்றைக் கழற்று என்றார்கள். அண்ணாச்சி மட்டும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார், கிட்டே வராமல்.

"சாவி இல்லாம ஓடுற வண்டியா? எனக்கு வேண்டாம் தம்பி. வேற ஆளப் பாருங்க."

திரும்பி இரண்டு அடி வைத்தவர் நின்றார். "ஆனா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிட வச்சிரலாம்" என்றார். பயம் ஒரு பக்கம் இழுத்தால் வயர் மறுபக்கம் இழுக்கும் மனிதர் அவர். சாயங்காலத்துக்குள் மாட்டிவிட்டார். ரிமோட்டை அமுக்கினால், இஞ்சின் ஓடும்போதே கதவு பூட்டிக்கொண்டது. பூட்டியதைப் பார்த்ததும் அண்ணாச்சி உடனே திறந்துவிட்டார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் சோழபுரத்தில் கேதம். என் அத்தையின், அதாவது செல்வியுடைய அம்மாவின் அண்ணன் இறந்துவிட்டார். ஆயுள் முழுக்க லாரி ஓட்டியவர். நான் குடும்பத்தோடு போய்ப் பந்தலுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினேன். எல்லோரும் இறங்கி உள்ளே போனார்கள். வழக்கம்போல இஞ்சின் ஓட, முதல் தடவையாக நானே ரிமோட்டை அமுக்கினேன்.

கதவு பூட்டியது. அலாரம் விழித்துக்கொண்டது. விழித்ததும் இஞ்சின் நடுக்கத்தைத் திருடன் காரை ஆட்டுவதாக எடுத்துக்கொண்டது. அப்படி ஒரு அலறல். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். விளக்குகள் சிமிட்டுகின்றன, இஞ்சின் ஓடுகிறது, டிரைவர் சீட்டில் ஆள் இல்லை. சாவி என் கையில் தொங்குகிறது.

"மாமா வண்டில ஏறிட்டாரு" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

ரிமோட்டில் எந்தப் பொத்தான் எதற்கு என்பது எனக்கு மறந்துபோனது. கண்டபடி அமுக்கினேன், சத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை. அப்போது டைமர் முடிந்து இஞ்சின் தானாக நின்றது. ஆட்டம் நின்றதும் அலறலும் நின்றது. அந்த அமைதிதான் எல்லோரையும் அதிகமாக நடுங்க வைத்தது. அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, எங்க அண்ணன் சுத்திப் பாத்துட்டு எறங்கிட்டாரு. நான் இனி அதுல கால வைக்க மாட்டேன்."

அத்தை திரும்பிப் போனது பஸ்ஸில். "எங்கம்மா ஏறாத வண்டில நானும் ஏற மாட்டேன்" என்று செல்வியும் பஸ்ஸில். நான் மட்டும் அந்தக் காரில் தனியாக வந்தேன். பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பேய் வண்டி என்ற பெயர் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஒன்று அத்தையை அதில் திரும்ப ஏற்ற வேண்டும், இல்லையென்றால் வண்டியை விற்க வேண்டும். வேறு வழி இல்லை.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நடுக்கத்த மறந்துட்டேன் தம்பி. நானே நடுங்குறவன், அத மறக்கலாமா?"

எல்லா வயரையும் பிரித்து மறுபடி இணைத்தார். இப்போது பூட்டினால் கதவு உடனே பூட்டும். அலாரம் மட்டும் தூங்கும். இஞ்சின் நின்ற பிறகுதான் அது விழிக்கும். கூடவே தன் சொந்தப் பயத்தையும் ஒரு வயராக இழுத்து ஹேண்ட் பிரேக்கில் கட்டினார். சாவி இல்லாமல் ஓடும்போது யாராவது பிரேக்கை இறக்கினால் இஞ்சின் அந்த நொடியே நின்றுவிடும். இதில் அவருக்கு இன்னொரு கவலை. நம் ஊரில் யாரும் ஹேண்ட் பிரேக் போடுவதில்லை. கியரில் போட்டு நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவோம். இந்த வண்டி நின்ற பிறகும் இஞ்சின் ஓடுவதால் கியரில் போட முடியாது.

"பிரேக் ஒண்ணுதான் தம்பி பிடிமானம். வேற ஒண்ணும் இல்ல" என்று நான்கைந்து தடவை சொன்னார்.

அத்தையைச் சம்மதிக்க வைக்கத் தேவதானத்துக் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. அண்ணாச்சி கூட வந்தால்தான் ஏறுவேன் என்றார் அத்தை. அத்தை முன்சீட்டில் ஏறினார், செல்வியும் மஞ்சள் பையோடு அண்ணாச்சியும் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். வழி முழுக்க அத்தை ஒரு கையில் திருநீற்றை இறுக்கிப் பிடித்திருந்தார், பின்னால் அண்ணாச்சி கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். யார் யாருக்குத் தைரியம் சொல்ல வந்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

கண்மாய்க் கரையில், தண்ணீருக்கு இறங்கும் சரிவின் உச்சியில் நிழல் இருந்தது. அங்கே நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போட்டுச் சாவியோடு இறங்கினேன். செல்வியும் அண்ணாச்சியும் இறங்கினார்கள். அண்ணாச்சி சொன்னார்:

"அக்கா, நீங்க உள்ளயே இருங்க. இஞ்சின் ஓடட்டும், தம்பி பூட்டட்டும். ஒரு சத்தம் வராது. உங்க கண்ணால பாத்துக்கிடுங்க."

சொல்லிவிட்டுக் கட்டைகளை எடுத்துச் சக்கரத்தடியில் வைக்கக் குனிந்தார். அத்தை கண்ணாடியை இறக்கினார்.

"ஏம்ப்பா, நம்புன்னு சொல்லுத. நீயே கட்ட வைக்குற. நீ நம்பாத வண்டிய நான் எப்படி நம்புறது? எடு அத."

நியாயமான கேள்வி. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எடுங்கள் என்று நானும் தலையாட்டினேன். பிள்ளையைப் பிரிகிற முகத்தோடு கட்டைகளை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அத்தை கண்ணாடியை ஏற்றினார். பூட்டினேன். இஞ்சின் அமைதியாக ஓடியது. ஒரு சத்தம் இல்லை. உள்ளே அத்தை மெல்லச் சிரித்தார், அண்ணன் இறந்த பிறகு முதல் சிரிப்பு. செல்வி என் முதுகைத் தட்டினாள். நான் ஜெயித்துவிட்டேன்.

நம்பிக்கை வந்ததும் அத்தை இறங்க நினைத்தார். கனத்த சரீரம், முழங்கால் வலி. எழுந்திருக்க ஒரு பிடி தேடினார். பக்கத்தில் வாகாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. முனையில் இருந்த பொத்தானோடு சேர்த்து அதை அழுத்திப் பிடித்து ஊன்றினார்.

ஹேண்ட் பிரேக் இறங்கியது. உடனே இஞ்சின் நின்றது, அண்ணாச்சி கட்டிய வயரிங் அப்படி. இஞ்சின் நின்றதும் அலாரம் விழித்தது, அதுவும் அவர் வயரிங்தான். கார் அசைந்ததும் அலறியது. கதவு பூட்டியபடி இருந்தது. அவர் செய்த வேலை ஒன்றுகூடப் பிசகவில்லை. எல்லாம் சரியாக வேலை செய்ய, என் அத்தையோடு கார் தண்ணீரை நோக்கி உருண்டது.

என் வாழ்நாளில் நான் அப்படிப் பயந்ததில்லை. ரிமோட்டை அமுக்குகிறேன், கதவு டக் டக் என்று திறந்து திறந்து பூட்டுகிறது. செல்வி "அம்மா" என்று கத்தினாள். கண்ணாடிக்குள் அத்தையின் வாய் மட்டும் அசைந்தது.

எனக்குப் பக்கத்தில் இருந்த அண்ணாச்சியைக் காணவில்லை.

அவர் காரை முந்திக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். வேட்டியைத் தூக்கிக் கட்டக்கூட இல்லை. முன் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் உட்கார்ந்து, ஒரு கட்டையை நேராக வைக்காமல் சாய்த்துச் செருகிவிட்டுக் கையை உருவினார். சக்கரம் கட்டையில் ஏறி வழுக்கியது. காரின் மூக்கு தண்ணீரை விட்டு விலகிக் கருவேலம் புதர் பக்கம் திரும்பியது. அதற்குள் எழுந்து ஓடி, அடுத்த கட்டையை நேராகக் கொடுத்தார். கார் குலுங்கி நின்றது.

அத்தையை இறக்கினோம். அவர் நன்றாகத்தான் இருந்தார். அண்ணாச்சிதான் மண்ணில் உட்கார்ந்து பல் தந்தியடிக்க நடுங்கினார்.

"ஒரு சோடா கிடைக்குமா தம்பி?"

செல்விதான் கேட்டாள்: "எங்க அண்ணாச்சி இதப் படிச்சீய?"

"எங்க வீடு ஸ்ரீவில்லிபுத்தூரு மடவார் வளாகம்லா தாயி. தேருக்குக் கட்ட போடுறது நாங்கதான். எங்கய்யாவுக்குப் பொறவு நான். நேராப் போட்டா தேர் நிக்கும், சாச்சுப் போட்டாத் திரும்பும்."

வீடு உயரத்துக்கு ஆடிக்கொண்டு வரும் தேர். ஊரே வடம் பிடித்து இழுக்க, சக்கரத்தடியில் கையை விட்டு எடுக்கிற வேலை. வடை வண்டிக்குப் பயப்படும் இந்த மனிதரா என்று எனக்கு நம்ப முடியவில்லை.

"அப்பப் பயமா இருக்காதா?" என்றேன்.

"பயம் இல்லாமலா? பயத்துலதான தம்பி கை அம்புட்டு வெரசாப் போகுது."

திரும்பும்போது எவ்வளவோ கூப்பிட்டும் அவர் எங்கள் காரில் ஏறவில்லை. பஸ்ஸில் வந்தார். பஸ் சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் அதிலும் ஏறினார். கட்டைகள் இரண்டையும் எங்களிடமே விட்டுவிட்டார். இப்போது நான் எங்கே நிறுத்தினாலும், அவை வைத்தாயிற்றா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அத்தை கதவைத் திறப்பார்.

அந்த வருடத் தேரோட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். தேர் எங்கள் பக்கம் திரும்பியது. கூட்டம் முழுக்கத் தலைக்கு மேலே கையைக் கூப்பி, அண்ணாந்து சாமியைப் பார்த்தது. அத்தையும் கையைக் கூப்பினார். ஆனால் அவர் பார்த்ததும், அவருக்குப் பக்கத்தில் நின்று நான் பார்த்ததும் கீழே, சக்கரத்தடியில் நடுங்கிக்கொண்டு குனிந்திருந்த அந்த மனிதரைத்தான். அவர் கையை வெளியே எடுக்கும்வரை எங்களுக்கு மூச்சு வரவில்லை.