சராசரிக்காரரும் சோளகமும்

மைதானத்தில் மூன்று வகை மனிதர்கள் உண்டு: விளையாடுகிறவர்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள், சராசரிக்காரர். முதல் இரண்டு வகையும் ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடும். மூன்றாவது வகை உங்களோடு கூடவே வரும்.

அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கையில் கொப்பி, காதில் பேனை, ஆட்டம் நடக்கும் பக்கம் பெரும்பாலும் முதுகு. ஒருவன் மூன்று விக்கெட் எடுத்துவிட்டு, சட்டை நனைந்து, மூச்சு வாங்கி, யாராவது முதுகில் தட்டமாட்டார்களா என்று பார்த்தபடி தண்ணீர்ப் போத்தலைத் தேடி வந்தால், இவர் பக்கம் புரட்டி, "பரவாயில்லை. ஆனா லீக் சராசரியை விடக் கொஞ்சம் கீழதான் நிக்கிறீர்" என்பார். பிறகு தண்ணீர் தொண்டையில் இறங்குமா?

எங்கள் முல்லைத்தீவுக் கழகத்தின் சராசரிக்காரர் தில்லைநாதன் அண்ணை. எட்டு வருட மென்பந்துத் துடுப்பாட்டம் முழுவதும் அவர் கொப்பியில் இருக்கிறது. வீட்டிலும் அடங்கமாட்டார். சம்பலில் உறைப்பு ஊர்ச் சராசரியை விடக் குறைவு என்று ஒருநாள் சொல்லிவிட்டார்.

"அப்ப ஊர்ச் சராசரியிட்டையே போய்ச் சாப்பிடுங்கோ" என்று அவர் மனைவி சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

இந்த ஆனியில் இறுதியாட்டம். எங்கள் கழகம் அதுவரை கிண்ணத்தைத் தொட்டதே இல்லை. ஸ்கந்தபுரத்துக்காரருக்குக் கடைசி ஓவரில் பதினான்கு ஓட்டம் வேண்டும். அந்த ஓவரைக் கடற்கரைப் பக்கத்திலிருந்து, முகத்தில் அறைகிற சோளகக் காற்றுக்கு எதிரே போடவேண்டும். எட்டு வருடமாக அந்தப் பக்கம் பந்து வீசுகிறவன் மெல்ரொன் ஒருவன்தான். கடற்றொழில் செய்கிறவன், காற்றோடு மல்லுக்கட்டிப் பழகியவன். மற்றவர்கள் எல்லாரும் காற்றை முதுகில் வைத்துக்கொண்டு வீசுகிற கெட்டிக்காரர்கள்.

தலைவன் நிஸார் பந்தை மெல்ரொனிடம் நீட்டினான். தில்லைநாதன் அண்ணை கொப்பியோடு மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார்.

"தம்பி, மெல்ரொன் ஓவருக்கு ஒன்பதரை ஓட்டம் குடுக்கிறவன். லீக் சராசரி ஏழேகால். அர்ஷாக் அஞ்சுதான் குடுக்கிறான். அவனிட்டைக் குடு."

"அர்ஷாக் இந்தப் பக்கத்தால ஒருநாளும் போட்டதில்லையே அண்ணை. காத்தைப் பாருங்கோ."

"காத்து கொப்பியில இல்லை, தம்பி."

கொப்பிக்கு எதிரே யார் பேச முடியும்? பந்து அர்ஷாக்கிடம் போனது. முதல் பந்து காற்றில் வளைந்து வைட். இரண்டாவதும் வைட். மூன்றாவதை அடித்தவன் மெதுவாகத்தான் தூக்கினான். மிச்சத்தைச் சோளகம் பார்த்துக்கொண்டது. ஆறு. நான்காவதும் ஆறு, அது நேரே கடலுக்குள். கிண்ணம் ஸ்கந்தபுரத்துக்கு லொறி ஏறியது. எங்களுக்கு அழுகை வந்தது, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

மெல்ரொன் நீந்திப்போய்ப் பந்தை எடுத்து வந்தான். சொட்டச் சொட்ட அண்ணைக்கு முன்னால் நின்றான்.

"இதையும் எழுதுங்கோ அண்ணை. நீச்சல், ஒண்டு."

கேலி என்று எங்கள் எல்லாருக்கும் விளங்கியது. அண்ணை காதிலிருந்து பேனையை எடுத்தார், எழுதினார், கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தார், முகம் மலர்ந்தார்.

"லீக் சராசரி சைபர். இதில நீ மேலைதான், தம்பி."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன தவணை உங்கள் மகள் எழுபத்தெட்டுப் புள்ளியோடு ஓடிவந்தபோது, "வகுப்புச் சராசரி எவ்வளவு?" என்று கேட்டது யார்? அதுகூடப் போகட்டும். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, வழக்கமாக வரும் கேலிக் கட்டுரைகளை விட இது சற்றுக் குறைவுதான் என்று மனதுக்குள் ஓடியதே, அதைச் சொல்லுங்கள். கொப்பியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?