இருபத்தெட்டு நிமிஷம்

"இருபத்தெட்டு நிமிஷம்," என்றார் ஒர்க்ஸ் மேனேஜர் அண்ணாதுரை. நம்பிக்கை வராமல் ஸ்டாப்வாட்சைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

படகு அணையின் எதிர்க்கரையில், மாந்தோப்புப் படிக்கட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

"பழைய புரொப்பெல்லர்ல எவ்ளோ ஆச்சு?"

"இருபத்தெட்டு நிமிஷம் சார்," என்றான் தஸ்தகீர்.

"புதுசு மாட்டியும் அதேவா?"

"அதேதான் சார்."

சுக்கானைப் பிடித்திருந்த படகோட்டி கரியப்பன், "தொழில் தெரிஞ்ச கை சாமி. ஒரு நிமிசம் பிசகலை பாருங்க," என்றான்.

அண்ணாதுரை சிரிக்கவில்லை. அவர் சிரிக்க வேண்டுமென்றால் முதலில் முதலாளி சிரிக்க வேண்டும்.

முதலாளிக்கு ஓசூரில் கியர் தொழிற்சாலை. கிருஷ்ணகிரி அணைக்கு அந்தப் பக்கம் மாந்தோப்பும் ஒரு பங்களாவும். பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை, காரைக் கரையில் விட்டுவிட்டுப் படகில் தோப்புக்குப் போவார். கொச்சியில் ஏலத்தில் எடுத்து லாரியில் ஏற்றி வந்த பழைய மோட்டார் படகு அது. உள்ளே ஒரு சின்ன கேபின், நீள மெத்தை, தலையணை, ஜன்னலுக்குத் திரை.

முதலாளி அதிகம் பேச மாட்டார். கண் எப்போதும் சிவந்திருக்கும். மூன்றாவது ஷிப்ட் ஆட்களே கொட்டாவி விடும் நேரத்தில் ரவுண்ட்ஸ் வந்து பின்னால் நிற்பார். அதனால் அவருக்குக் கோபக்காரர் என்று பெயர்.

அப்படிப்பட்டவர் போன தடவை படகிலிருந்து இறங்கும்போது, "நம்ம போட் ரொம்ப மெதுவாப் போகுது, அண்ணாதுரை," என்று சொல்லிவிட்டார்.

அண்ணாதுரை உடனே டைரியில் எழுதிக்கொண்டார். முதலாளி வாயைத் திறந்தால் அது டைரியில் ஏறும். டைரியில் ஏறியது வேலையாகிவிடும். போன வருஷம் முதலாளி, "கேட் பக்கத்துல இருக்கிற வேப்பமரம் பெருசா வளர்ந்துடுச்சு," என்றார். மறுநாள் காலையில் கேட் பக்கத்தில் மரம் இல்லை. முதலாளி அந்தக் காலி இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனார். 'எம்.டி. திருப்தி' என்று அண்ணாதுரை எழுதி வைத்தார்.

படகு வேலை தஸ்தகீர் தலையில் விழுந்தது. பாகலூர்க்காரன். எட்டு வருஷமாக லேத்தில் நிற்கிறான், எட்டு வருஷமும் கான்ட்ராக்ட்டில்.

"போட் பறக்கணும்பா. பறந்துச்சுன்னா உன் பேரை பர்மனென்ட் லிஸ்ட்ல போடறேன்," என்றிருந்தார் அண்ணாதுரை.

அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். இந்த மாசக் கடைசிக்குள் பர்மனென்ட் ஆகாவிட்டால், பெங்களூரில் தன் அண்ணன் குலாம் முகம்மதுவின் மெத்தைக் கடைக்குப் போய்விட வேண்டும் என்று மனைவி தில்ஷாத் கெடு வைத்துவிட்டாள். பஞ்சைத் தூரத்தில் பார்த்தாலே தஸ்தகீருக்குப் பதினேழு தும்மல் வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். லேத்தை விட்டுப் போவதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியாது.

"பழசு மாதிரியே எதுக்குப் பண்ணினே?" என்றார் அண்ணாதுரை.

"நான் நல்லாத்தான் சார் பண்ணினேன். குவாலிட்டி முத்துமணி சார் ரிஜெக்ட் பண்ணிட்டாரு."

"ஏன்?"

"பழைய புரொப்பெல்லர்ல ஒரு இறக்கை வளைஞ்சு, முனையில ஒடைஞ்சிருக்கும். சாம்பிள்ல இருக்கிறது இதுல இல்லைன்னாரு. அப்புறம் நானும் அதே மாதிரி வளைச்சு, அதே எடத்துல அரத்தை வெச்சு ராவிட்டு எடுத்துட்டுப் போனேன். சீல் குத்திக் குடுத்துட்டாரு."

இதில் குறை சொல்ல அண்ணாதுரையால் முடியவில்லை. 'சாம்பிள் எப்படியோ, சரக்கு அப்படி' என்ற போர்டைக் குவாலிட்டி ரூமில் மாட்டியவரே அவர்தான்.

"சரி, பெருசாப் பண்ணு. சின்ன ஃபேன்னா சின்னக் காத்து, பெரிய ஃபேன்னா பெரிய காத்து. இதுகூடத் தெரியாதா?"

"இன்ஜின் பழசு சார். அது சுத்தணுமில்ல?"

"இன்ஜினுக்காக எம்.டி. சொன்னதை மாத்த முடியுமா?"

பெரிய புரொப்பெல்லர் வார்ப்பாகி, கடைசல் முடிந்து வருவதற்குள் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. சனிக்கிழமை காலை மாட்டி முடித்து தஸ்தகீர் கரையேறவும் முதலாளியின் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

முதலாளி கேபினுக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டார். டிரைவர் மாரிமுத்து வெளியே உட்கார்ந்தான். கரியப்பன் இன்ஜினைக் கிளப்பினான்.

இன்ஜின் ஒருமுறை முனகியது. கரும்புகை விட்டது. படகு கல்யாணப் பெண் மாதிரி நகர ஆரம்பித்தது.

கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. அண்ணாதுரைக்குப் படகு இன்னும் முழுசாகத் தெரிந்தது. மாரிமுத்துவின் சட்டை நிறம்கூடத் தெரிந்தது.

"நிக்குதா, போகுதா?" என்று பல்லைக் கடித்தார்.

"போகுது சார்," என்றான் தஸ்தகீர், தலையைக் குனிந்துகொண்டு.

ஐம்பத்திரண்டு நிமிஷம். சாயங்காலம் திரும்பி வரவும் ஐம்பத்திரண்டு. முதலாளி இறங்கினார். ஒரு பக்கத் தலைமுடி செங்குத்தாக நின்றது. படகைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லாமல் காரில் ஏறிவிட்டார்.

"பாத்தியா? கோவத்துல முடியே நட்டுக்கிச்சு," என்றார் அண்ணாதுரை. "மாசக் கடைசியோட நீ வர வேணாம்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் தில்ஷாத் திட்டவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அண்ணனுக்குத் தகவல் சொல்லிடவாங்க?"

"சொல்லிடு," என்று சொல்லும்போதே ஒரு தும்மல் வந்தது.

மறுநாள் இருவரும் சைக்கிளில் சந்தைக்குப் போனார்கள். மூட்டை முன்னால், தில்ஷாத் பின்னால், நடுவில் தஸ்தகீர். பாகலூர் மேட்டில் சைக்கிள் நின்றேவிட்டது.

"மூச்சு வாங்குதுங்க உங்களுக்கு. நான் எறங்கிக்கறேன்," என்று அவள் குதித்தாள்.

அடுத்த மிதியில் சைக்கிள் சரசரவென்று மேடேறிப் போய்விட்டது. உச்சியில் போய் நின்றவன், "தில்ஷாத்! இன்ஜினுக்குப் பாரம் ஜாஸ்தி!" என்று கத்தினான்.

"நான் ஒண்ணும் அவ்வளவு பாரமில்லை," என்று அவள் கோபித்துக்கொண்டு நடந்து வந்தாள்.

திங்கட்கிழமையே ஸ்டோரில் கிடந்த முதல் நகலை எடுத்தான். இறக்கையின் ஓரங்களைக் கடைந்து சின்னதாக்கினான். சூடு காட்டித் தட்டி, சாய்வைக் குறைத்தான். மூன்று இறக்கையும் ஒரே எடை வரும்வரை ராவினான். சாம்பிளும் இல்லை, சீலும் இல்லை. முத்துமணி சார் அந்த வாரம் லீவில் இருந்தது அல்லாஹ்வின் கருணை.

வெள்ளிக்கிழமை ஓட்டிப் பார்த்தார்கள். இன்ஜின் தடையில்லாமல் சுற்றியது, புகையே இல்லை. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. கரியப்பனின் தலைத்துண்டு பறந்து தண்ணீரில் விழுந்தது.

"பதினேழு நிமிஷம்!" அண்ணாதுரை ஸ்டாப்வாட்சுக்கு முத்தம் கொடுக்காத குறை. "நான் அப்பவே சொன்னேன்ல?"

"என்ன சார் சொன்னீங்க?"

"வேகமாப் போகணும்னு!"

"அப்ப என் வேலை சார்?"

"எம்.டி. வாயால நல்ல வார்த்தை வரட்டும், பாக்கலாம்."

அடுத்த வாரச் சனிக்கிழமைதான் மாசக் கடைசி. முதலாளி படகில் ஏறித் திரையை இழுத்துவிட்டார். பதினேழு நிமிஷத்தில் போனார், சாயங்காலம் பதினேழு நிமிஷத்தில் வந்தார். தலைமுடி வாரினபடி இருந்தது. கண் முன்னைவிடச் சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் நேரே போய்க் காரில் உட்கார்ந்தார். கார் கிளம்பவில்லை. டிரைவர் மாரிமுத்து மட்டும் காரிலிருந்து இறங்கி வந்தான்.

"சார், இந்த ரெக்கையை மாத்துனது யாருன்னு அய்யா கேக்குறாரு."

"நான்தான்னு சொல்லு," என்று அண்ணாதுரை நிமிர்ந்தார். "ஐடியா பூரா என்னுது."

தஸ்தகீர் வாயைத் திறந்தான். அண்ணாதுரை ஷூக்காலால் அவன் காலை மிதித்தார்.

மாரிமுத்து தலையாட்டிக்கொண்டான். "போன தடவை மாட்டியிருந்த பெரிய ரெக்கை?"

அண்ணாதுரையின் விரல் சட்டென்று நீண்டது. "இவன்! இவனேதான் செஞ்சான். இன்னியோட நிறுத்தியாச்சுன்னு அய்யாகிட்ட சொல்லிடு."

"நிறுத்திடாதீங்க சார்," என்று பதறினான் மாரிமுத்து. "இவரை இன்னிக்கே பர்மனென்ட் பண்ணிட்டு, அந்தப் பெரிய ரெக்கையையே திரும்ப மாட்டச் சொன்னாரு. ரெண்டு வருசமாப் பொட்டுத் தூக்கமில்லாத மனுசன், அன்னிக்குத்தான் சார் போறப்பவும் வர்றப்பவும் கொறட்டை விட்டுத் தூங்குனாரு!"