நான் கட்டிய ராவணன் எரியவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. பிழை இருந்தால் மன்னிக்கவும். மன்னிக்க மனம் இல்லாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொண்டு வேறு வேலை பார்க்கலாம். என்ன, கோபமாக எழுதுகிறானே என்று தோன்றுகிறதா? கோபமாகத்தான் எழுதுகிறேன். பதினாறு வருஷத்துக் கோபம்.

கூச்சப்படுகிறவனுக்குக் கோபம் வராது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தவறு. மற்றவர்கள் கோபத்தை அன்றாடம் காட்டித் தீர்த்துவிடுகிறார்கள். கூச்சக்காரன் சேர்த்து வைக்கிறான். (பஸ்ஸில் என் காலை மிதித்தவனை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இரண்டு நாள் கழித்து, குளிக்கும்போது திட்டுவேன்.) அப்படிச் சேர்த்து வைத்ததெல்லாம் என் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் வெளியே வந்தது. வந்த இடம் ஒரு தசரா மைதானம். பார்த்தவர்கள் அறுநூறு பேராவது இருக்கும்.

அது எழுபத்திரண்டாம் வருஷம். டில்லியில் ஒரு சர்க்கார் ஆபீசில் தஃப்தரியாக இருந்தேன். தஃப்தரி என்றால் ஃபைல் தைப்பவன், ரிஜிஸ்தர் கட்டுபவன், மைதாவில், பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சுபவன். அந்த வருஷம் மழையில் ரிக்கார்டு ரூம் ஒழுகி, இரண்டு அலமாரிக் காகிதம் கூழாகிப்போனது. நான் கட்டிய ஃபைல்கள் மட்டும் துடைத்து எடுத்ததும் புதுசு போல் இருந்தன. அன்றிலிருந்து ஆபீசில் எனக்கு ஒரு பெயர். என் அழிவுக்கு அந்தப் பெயர்தான் காரணம்.

எனக்குக் கல்யாணமாகிப் பத்து மாதம் ஆகியிருந்தது. பெண்டாட்டி சரசு ராசிபுரத்துப் பக்கம் அவள் அப்பா வீட்டில். நான் இங்கே ஐந்து பேரோடு ஒரு அறையில். குடியிருக்கச் சர்க்கார் குவார்ட்டர் கேட்டு மனுப் போட்டிருந்தேன். சரசு எழுதியிருந்த கடைசிக் கடிதம் சட்டைப்பையிலேயே இருந்தது. "தீபாவளிக்குள்ள கூட்டிக்கிட்டுப் போவீங்களா மாட்டீங்களான்னு அப்பா கேக்கச் சொன்னாருங்க. டில்லியில மாப்பிள்ளைக்கு வீடு இருக்குதா, இல்ல ரயில்வே ஸ்டேஷன்லயே படுத்துக்கிறாரான்னும் கேட்டாருங்க."

இந்த நிலைமையில் ராமநாதன் சார் என்னைக் கூப்பிட்டார். எங்கள் செக்ஷன் ஆபீசர், தஞ்சாவூர்க்காரர். லக்ஷ்மிபாய் நகரை ஒட்டி இருந்த ஒரு காலனியில் குடியிருந்தார். அந்தக் காலனியின் தசராக் கமிட்டியில் மெம்பர்.

"முருகேசா, நம்ம காலனிக்கு ஒரு ராவணன் பண்ணணும்டா. போன வருஷம் பண்ணினது, நெருப்பு வைக்கறதுக்கு முன்னாடியே காத்துல விழுந்து ரெண்டாப் போயிடுத்து. பக்கத்துக் காலனிக்காரா இன்னும் சிரிக்கறா. நீதான் பண்ணறேன்னு குப்தாஜிகிட்டச் சொல்லிட்டேன்."

"நான் ராவணனெல்லாம் செஞ்சதில்லீங்க சார்."

"ஃபைல் தைக்கறியோன்னோ? அதுக்குக் கையும் காலும் வெச்சா ராவணன். குப்தாஜி யாருன்னு தெரியுமோ? குவார்ட்டர் குடுக்கற இடத்துல ஹெட் கிளார்க்."

அன்று சாயங்காலமே குப்தாஜியைப் பார்க்கப் போனேன்.

குப்தாஜிதான் கமிட்டி செக்ரட்டரி. உயரத்தில் சின்னவர், குரலில் பெரியவர். என்னைப் பார்த்ததும் தோளில் ஒரு தட்டுத் தட்டி ஒரே ஒரு கட்டளை போட்டார். "மஜ்பூத் பனானா. ஏக்தம் மஜ்பூத்!" உறுதியாகச் செய் என்று அர்த்தம். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னார். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவர் சொல்லவே இல்லை என்றார்.

தசரா விடுமுறை வந்துவிட்டால் அந்தக் காலனியில் ஒருவர் கையும் சும்மா இருக்காது. பிள்ளைகள் அட்டையில் ஜிகினாத்தாள் ஒட்டிக் கிரீடம் செய்யும். துடைப்பக் குச்சியெல்லாம் அம்பாகிவிடும். காலையில் பெருக்கப்போகிற அம்மாக்கள் கையில் வெறும் பிடிதான் மிஞ்சும். பஞ்சாபிப் பெண்கள் பழைய துப்பட்டாவில் ராமனுக்கு உடுப்புத் தைத்தார்கள். தமிழ் வீடுகளில் கொலுவுக்குப் பக்கத்தில் கடுகு முளைக்கவைத்துப் பார்க் போட்டு, கண்ணாடித் துண்டில் குளம் வைத்தார்கள். எல்லோரும் விளையாட்டாகச் செய்தார்கள். ஒருவன் மட்டும் குவார்ட்டருக்காகச் செய்தான்.

ஆபீஸ் விட்டதும் நேரே அங்கே போய்விடுவேன். கமிட்டி ஷெட்டில் மூங்கிலைப் பிளந்து எலும்புக்கூடு கட்டினேன். பன்னிரண்டு அடி. முறைப்படி பார்த்தால் அதன்மேல் மெல்லிசுத்தாள் ஒட்டி, உள்ளே வைக்கோல் திணித்து முடித்திருக்கவேண்டும். நான் கோணி ஊசியால் சணல் போட்டு மூட்டுக்கு மூட்டுத் தைத்தேன். அதன்மேல் செய்தித்தாள், பசை. காய்ந்ததும் மறுபடி செய்தித்தாள், பசை. இப்படி எட்டுச் சுற்று. முழங்காலும் இடுப்பும் பலவீனமாகத் தெரிந்ததால் காலிகோ துணி வைத்து பைண்டிங்கே செய்துவிட்டேன். பத்துத் தலைக்கும் பத்து விதமாக மீசை. நடுத்தலை குப்தாஜி மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் சிரித்தன. நான் வேண்டுமென்று செய்யவில்லை. (வேண்டுமென்றுதான் செய்தேன்.)

இதை எரிக்கப்போகிறார்கள் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியவில்லை. கெடாமல் இருக்கச் செய்தே பழகிய கை அது.

முடிக்கிற சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் சேலத்துப் பக்கம் அன்றைக்குத் தறிக்கும் பொட்டு, லாரிக்கும் பொட்டு. நானும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய்ச் சந்தனமும் குங்குமமும் பொரியும் வாங்கிவந்தேன். கத்தரிக்கோல், ஊசி, பசைப் பானை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினேன். கையில் சந்தனம் மீதி இருந்தது. எதிரே ராவணன் மல்லாந்து கிடந்தான். பாதி முடிந்த வேலைக்கும் பொட்டு வைப்பதுதானே வழக்கம்? அகலமாக மார்பில் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். சாயங்காலம் அதன்மேலேயே கலர்த்தாள் ஒட்டிச் சட்டை போட்டுவிட்டேன். மறந்தும் போனேன்.

மறுநாள் தசரா. ராவணனைத் தூக்கி நிறுத்த எட்டுப் பேர் வேண்டியிருந்தது. அப்போதாவது யாராவது யோசித்திருக்கலாம். குப்தாஜி அதன் தொடையைத் தட்டிப் பார்த்தார். கதவைத் தட்டியதுபோல் கேட்டது. "வாஹ்!" என்றார். "தீவாளி உன் பெண்டாட்டியோடதான்" என்று ஹிந்தியில் சொல்லிக் கண் அடித்தார். நான் அங்கேயே மனசுக்குள் குவார்ட்டருக்கு வெள்ளையடித்துச் சரசுவைக் குடிவைத்துவிட்டேன்.

பொழுது சாயும் நேரம். சிறப்பு விருந்தினராக ஒரு பெரிய அதிகாரி வந்து வெல்வெட் சோபாவில் உட்கார்ந்தார். பி பிளாக் கிளார்க் ஒருவர் மூக்குக் கண்ணாடியோடு ராமனாக வந்து, நெருப்பு அம்பை விட்டார். அது மார்பில் பட்டுக் கீழே விழுந்தது. இரண்டாவது தொப்புளில் குத்தி அணைந்தது. மூன்றாவது அம்பு கூட்டத்துக்குள் போக, ஒரு அம்மாள் திட்டினாள். கடைசியில் ராமனே தீப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நடந்துவந்து ராவணன் காலில் வைத்தார்.

கலர்த்தாள் குப்பென்று பிடித்தது. கூட்டம் "ஜெய்" என்றது. நானும் சொன்னேன். அரை நிமிஷத்தில் தாள் எரிந்து தீர்ந்தது. நெருப்பும் தீர்ந்தது. உள்ளே வைத்திருந்த வெடிகள் மட்டும், அஜீரணக்காரன் வயிறு மாதிரி உள்ளுக்குள்ளேயே குமுறின. காது வழியாகக் கொஞ்சம் புகை. ராவணன் நின்றான். ஒரு டின் மண்ணெண்ணெயை ஊற்றினார்கள். மேலே கொஞ்சம் கறுத்தான். சூட்டில் நடுத்தலை வாயில் சாயம் வெடித்துச் சிரிப்பு மாதிரி ஆகிவிட்டது.

"ஹஸ் ரஹா ஹை!" என்று யாரோ கத்தினான். சிரிக்கிறானாம். மைதானமே சிரித்தது.

அப்போதுதான் முன்வரிசையில் ஒருவன் மார்பைக் காட்டினான். சட்டை எரிந்துபோன இடத்தில், என் சந்தனப் பொட்டு பளிச்சென்று தெரிந்தது.

"அரே, இதர் தேக்கோ! மதராஸி ராவணனுக்குப் பூஜை போட்டிருக்கான்!"

அதற்கப்புறம் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மந்திரம் போட்டிருக்கிறான் என்றான் ஒருவன். தெற்கே எல்லோரும் ராவணன் கட்சி என்றான் இன்னொருவன். குப்தாஜி மைக்கைப் பிடித்து, அதிகாரி காதில் விழுகிற மாதிரி என்னைக் கேட்டார். "க்யோம் பாய், ராவண் தும்ஹாரா ரிஷ்தேதார் ஹை க்யா?" ராவணன் உனக்குச் சொந்தக்காரனா என்று!

நான் ராமநாதன் சாரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் "உங்க ஆள்தானே?" என்று கேட்டார். "எங்க ஆபீஸ்னு சொல்லிக்கறான். எனக்கு அவ்வளவாப் பழக்கமில்லை" என்றார் சார். தினம் மூன்று வேளை அவருக்கு டீ கொண்டுபோய் வைக்கிறவன் நான்.

நான் பணிவாகச் சொன்னேன், "ஆப்னே போலா, மஜ்பூத்" என்று. நீங்கள்தானே சொன்னீர்கள்.

"மைனே? கப்?" நானா? எப்போ? என்று மைக்கிலேயே கேட்டார் குப்தாஜி.

அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த ஹிந்தி ரொம்பக் கொஞ்சம். திட்டுவதற்கு வார்த்தை வரவில்லை. வந்தது அந்த ஒரே வார்த்தைதான். "மஜ்பூத்!" என்று கத்தி ராவணன் காலில் ஒரு உதை விட்டேன். "மஜ்பூத்!" இன்னொரு உதை. "மஜ்பூத்! மஜ்பூத்!" செருப்பு எங்கேயோ பறந்தது. யாரோ பிடிக்க வந்தார்கள், அவர்களையும் உதைத்ததாகக் கேள்வி. ராமன் என்னைப் பார்த்துப் பயந்து, வில்லைப் போட்டுவிட்டு ஓடினார்.

ஊன்றியிருந்த மூங்கில் மடக்கென்றது. பன்னிரண்டு அடி ராவணன் பத்துத் தலையோடு அப்படியே சாய்ந்து, அந்த வெல்வெட் சோபாமேல் விழுந்தான். அதிகாரி அதற்கு ஒரு நொடி முன்னால் எழுந்துவிட்டார். (அந்த வயசில் அந்த வேகத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.) சோபாவின் நான்கு காலும் போயின. ராவணனுக்கு ஒரு கீறல் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்திலும் குனிந்து இடுப்புத் தையலைப் பார்த்தேன். பிரியவில்லை.

என் மனு குப்தாஜியின் மேஜையில் எங்கே போயிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. ஒற்றைச் செருப்போடு அறைக்கு வந்தேன். கோபம் அடங்கவில்லை. பத்து மாதமாக மாமனாருக்கு "தங்கள் பாதங்களுக்கு நமஸ்காரம்" என்றே தொடங்கி எழுதிவந்தவன், அன்றைக்கு ஒரு கார்டை எடுத்து இப்படி எழுதினேன்: "வீடு கிடையாது. கிடைக்கவும் போவதில்லை. பெண்ணை அனுப்புவதானால் அனுப்பும். இல்லாவிட்டால் நீரே வைத்துக்கொள்ளும்." கையோடு போய்த் தபால் பெட்டியில் போட்டேன்.

அறைக்குத் திரும்பும்போது கோபம் இறங்கியது. பயம் ஏறியது. மறுநாள் காலை அந்தப் பெட்டி பக்கத்தில் நின்று, கடிதம் எடுக்க வந்தவரிடம் கெஞ்சினேன். போட்டதைத் திருப்பித் தரமாட்டார்களாம். என் கண் எதிரேயே என் கல்யாணம் பைக்குள் போனது.

சரியாகப் பதினான்காம் நாள், டில்லி ஸ்டேஷனில் மாமனாரும் சரசுவும் இறங்கி, விசாரித்துக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார்கள். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தன நாளும் ஒரு பொண்ணு எழுதற மாதிரி எழுதிக்கிட்டிருந்தீங்க மாப்பிள்ளே. இந்த ஆளை நம்பி எப்படி இவ்வளவு தூரம் அனுப்பறதுன்னுதான் தள்ளிப் போட்டேன். இந்தக் கார்டைப் பாத்தப்புறந்தான் தைரியம் வந்துச்சு. வீடு கெடக்குது, விடுங்க."

வீடு கிடக்கட்டும், எங்கே படுப்பது? ராமநாதன் சார் வீட்டு மாமிக்கு மைதானத்தில் நடந்ததெல்லாம் தெரிந்திருந்தது. "உங்க வாயால அந்தப் பிள்ளையைக் காலனிக்கு இழுத்துட்டு, தெரியாதுன்னு வேற சொல்லிட்டேளா? பின்னாடி ரூமைக் காலி பண்ணிக் குடுங்கோ" என்று சாரை ஒரு பிடி பிடித்திருக்கிறார். அந்த அறையில்தான் நாங்கள் குடித்தனம் தொடங்கினோம்.

ஆனால் பின்கட்டில் எங்களுக்கு முன்னாலேயே ஒருவன் குடியிருந்தான். "உங்கள் ஆள், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று கமிட்டிக்காரர்கள் ராவணனைக் கொண்டுவந்து அங்கே போட்டிருந்தார்கள். முதல் நாள் காலை டில்லிக் குளிரில் வெந்நீர் போட எழுந்த சரசு, விஷயம் தெரியாமல் ஒரு கையை அரிவாளால் வெட்டி அடுப்பில் வைத்திருக்கிறாள். முக்கால் மணி நேரம் ஊதிவிட்டு, கண்ணெல்லாம் சிவந்து உள்ளே வந்தாள்.

"என்னங்க, இந்த ஊர்ல விறகுகூட எரியாதுங்களா?"

நான் கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். இன்னும் நிறுத்தவில்லை.

பதினாறு வருஷமாக எங்கள் வீட்டில் தீக்குச்சி நமுத்துப்போனால், ஊதுவத்தி அணைந்தால், தீபாவளிக்கு ஒரு புஸ்வாணம் பிசுபிசுத்தால், "அப்பா செஞ்சதா?" என்கிறார்கள். நேற்றுத் தசரா. என் மகள் தன் சிநேகிதிகள் நான்கு பேரைக் கூட்டிவந்திருந்தாள். டீ போட கேஸ் லைட்டரை நான்கு தடவை அழுத்தினாள், பற்றவில்லை. என்னைப் பார்த்து, "அப்பா, ஏ பீ ஆப்னே பனாயா?" இதையும் நீங்கதான் செஞ்சீங்களா! நான்கு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சரசு சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் வழக்கம்போல் செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அதனால்தான் இதை எழுதினேன். என் மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். இவ்வளவு தூரம் வரமாட்டாள் என்ற தைரியத்தில் உண்மையைச் சொல்கிறேன். ராவணன்மேல் எந்தத் தப்பும் இல்லை. அந்த மண்ணெண்ணெயில் யாரோ தண்ணீர் கலந்திருந்தான்.

21 அக்டோபர் 1988, வெள்ளிக்கிழமை.