வாட்டல் அண்ணனின் லேப்டாப்

மலேசியாவின் கேமரன் மலையில் மேகத்தைக்கூட அவசரப்படுத்திவிடலாம், வாட்டல் அண்ணனை முடியாது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாடவைக்கும் 'வாட்டல்' மாடியில் அவருக்கு வேலை. ஒரு பிடி இலையை இறுக்கிப் பார்த்து, "இன்னும் வாடல லா" என்பார். அவர் தலையாட்டாமல் இலை, உருட்டும் மெஷினுக்குப் போகாது. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுபோனதுதான் வினை. அவர் பெண் பார்த்துச் சம்மதம் சொல்வதற்குள் பெண்ணின் தங்கைக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டன என்று லயத்து வீடுகளில் சொல்வார்கள். அண்ணி இதை இதுவரை மறுத்ததில்லை.

அப்போது நான் மலையிலேயே ரிங்லெட் ஊரில் போன் கடை வைத்திருந்தேன். சும்மா இருக்காமல் ஒருநாள், "அண்ணே, உங்க பழைய லேப்டாப்புல புது விண்டோஸ் ஏறாது. லினக்ஸ்னு இலவசமா ஒண்ணு இருக்கு, அதுக்கு மாறிடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

"மாறிட்டுப் பிடிக்கலன்னா?"

"மாறாமலே பாக்கலாம்ணே. பென்டிரைவ்ல போட்டுச் சொருகுனா ஓடும். கழட்டிட்டா பழையபடி விண்டோஸ்."

அண்ணன் முகம் மலர்ந்தது. எட்டு மாதம் பார்த்தார். காலையில் சொருகுவார், சாயங்காலம் பிடுங்குவார். லேப்டாப்பின் அடியில் கைவைத்துச் சூடு பார்ப்பார்.

"மழ நாள்ல பாத்தாச்சு. வெயில்லயும் பாக்கணும்."

"லினக்ஸுக்கும் வெயிலுக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"எலைக்கே இருக்கு, இதுக்கு இருக்காதா?"

எங்கள் ஊரில் ஒரு முழு வெயில் நாளுக்காக மூன்று வாரம் காத்திருந்தோம்.

சிரித்தேனே தவிர, அவர் பயத்தில் நியாயம் இருந்தது. எஸ்டேட்டின் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கருமாதி அழைப்பு எல்லாம் பதினைந்து வருடமாக அவர் தட்டியவை. அத்தனையும் அந்த ஒரே லேப்டாப்பில் இருந்தன. ஒருநாள் அவற்றை லினக்ஸில் திறந்தோம். தமிழ் போய், கோணல்மாணலாக ஆங்கில எழுத்துகள் நின்றன.

"என்ன தம்பி, நம்ம ஆளுங்க எல்லாம் போயிட்டாங்களா?" என்றார் அண்ணி.

மூடி மூடித் திறந்து பார்த்தேன். பிறகுதான் உறைத்தது, அவர் தட்டிய பழைய ஃபாண்ட் லினக்ஸில் இல்லை. விண்டோஸிலிருந்து எடுத்துப் போட்டுத் திறந்தேன். 'மாரியம்மன் துணை' என்று முதல் வரி வந்து நின்றது. அண்ணன் திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"வாடிருச்சு. ஏத்திடு."

பழையதை அழித்துத்தான் புதியது ஏறும். அதனால் எல்லாவற்றையும் இன்னொரு பென்டிரைவில் எடுத்து நீட்டினேன். "இது தொலைஞ்சா எல்லாம் போச்சுண்ணே. பத்திரம்."

"உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார், கையைக்கூட நீட்டாமல்.

லினக்ஸ் நன்றாக ஓடுகிறது. இந்த வருடத் திருவிழா நோட்டீஸ் அதில் அடித்ததுதான். நான் ஈப்போவுக்கு வந்துவிட்டேன். அந்தப் பென்டிரைவ் என் சாவிக்கொத்தில் தொங்குகிறது. பெண்டாட்டியைத் தேர்ந்தெடுக்கவே வருடக்கணக்கில் யோசித்த மனிதர், அதை என்னிடம் விட ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.